வீட்டுக்குப் புதுக் குட்டி வந்தாச்சு... மூத்த பூனை ஏன் சாப்பிட மறுக்கிறது?

நவம்பர் மழை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆபீஸிலிருந்து திரும்பும்போது அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒரு கீச்சுக் குரல். போன் டார்ச் அடித்துப் பார்த்தால், பைக் இன்ஜின் சூட்டுக்கு ஒண்டியபடி உள்ளங்கை அளவில் ஒரு பூனைக்குட்டி. 'இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும்' என்று துப்பட்டாவில் சுற்றி மேலே கொண்டுவந்து ஹாலில் இறக்கிவிட்டதும், நாலு வருஷமாக சோபாவை ஆண்டுகொண்டிருந்த மூத்த பூனை எழுந்து நிற்கிறது. முதுகு வளைகிறது, வால் பாட்டில் பிரஷ் போல உப்புகிறது, நீளமாக ஒரு சீறல். அடுத்த நொடி பீரோவுக்கு மேலே. மறுநாள் காலை வைத்த சாப்பாடு கிண்ணத்தில் அப்படியே இருக்கிறது.

ஊரில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டால் பதில் ரெடியாக வரும்: "அதெல்லாம் ரெண்டு நாள் அடிச்சுக்கும், அப்புறம் தானா சேர்ந்துக்கும். நம்ம வீட்ல எத்தனை பூனை இருந்துச்சு, எதை யாரு பழக்கினா?"

அம்மா சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த வீட்டுக்குக் கொல்லைப்புறம் இருந்தது, ஓட்டுக்கூரை இருந்தது, பக்கத்து வீட்டு வைக்கோல் போர் இருந்தது. பிடிக்காத பூனை மதில் தாண்டிப் போய்விடும். போனது எங்கே போனது, என்ன ஆனது என்று யாரும் கணக்கு வைத்ததும் இல்லை. மூன்றாவது மாடி டூ பெட்ரூம் பிளாட்டில் போக இடமில்லை. இரண்டும் அதே நாலு சுவருக்குள் இருந்தாக வேண்டும். அதனால்தான் கால்நடை மருத்துவர்கள் இப்போது வேறு மாதிரி சொல்கிறார்கள்: முதல் இரண்டு வாரம் இரண்டையும் ஒன்றுக்கொன்று காட்டவே வேண்டாம்.

கேட்க அதிகப்படியாகத் தோன்றும். காரணம் தெரிந்தால் அப்படித் தோன்றாது.

தனியாளின் வாரிசு

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் திரியும் காட்டுப்பூனை. எலி, பல்லி, சிறு பறவை என்று ஒரு வாய்க்கு மட்டுமே போதுமான இரையைத் தனியாகப் பிடித்துத் தனியாகத் தின்னும் பிராணி அது. ஓநாய்க் கூட்டத்திலிருந்து வந்த நாயைப் போல, கூடி வேட்டையாடிப் பங்கு போடும் பழக்கம் அதற்கு இல்லை. மனிதனோடு அது வாழத் தொடங்கியது சமீபத்தில் அல்ல. சைப்ரஸ் தீவில் மனிதனுக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்ட சுமார் 9,500 ஆண்டுப் பழமையான ஒரு பூனையின் எலும்புக்கூடு பற்றிய ஆய்வு 2004-ல் வெளியானது. அத்தனை ஆயிரம் ஆண்டு கூட இருந்தும், 'என் இடம்' என்ற உணர்வு மட்டும் அதை விட்டுப் போகவில்லை. சாக்குப்பையில் கட்டி நாலு தெரு தள்ளி விட்டுவந்த பூனை மறுநாள் வாசலில் நின்ற கதை இல்லாத தெரு தமிழ்நாட்டில் உண்டா?

பூனைகள் கூட்டமாக வாழ்வதே இல்லை என்று அர்த்தமில்லை. மீன் மார்க்கெட்டிலும் ஹோட்டல் பின்வாசலிலும் பத்துப் பதினைந்து ஒன்றாகத் திரிவதைப் பார்க்கலாம். அங்கே சாப்பாடு தாராளம். கூட்டத்தின் மையமும் பெரும்பாலும் அக்கா தங்கை, தாய் மகள் என்று ரத்த சொந்தமான பெண் பூனைகள்தான். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு அந்நியப் பூனை வந்தால் வரவேற்பு சுமுகமாக இருக்காது. கூட்டத்துக்கு வெளியே போகவும் அதற்கு வழி உண்டு. பிளாட்டில் அது இல்லை.

இன்னொன்று, இந்த எல்லையை மூத்த பூனை கண்ணால் அளப்பதைவிட மூக்கால்தான் அதிகம் அளக்கிறது. கன்னம், மோவாய், நெற்றி, பாத மெத்தை, வால் அடி என்று பல இடங்களில் அதற்கு வாசனைச் சுரப்பிகள் உண்டு. கதவு நிலையில் கன்னத்தைத் தேய்ப்பது, லேப்டாப் மூலையில் மோவாயை உரசுவது, சோபாவைப் பிறாண்டுவது எல்லாமே 'இது நம்ம இடம்' என்று எழுதி வைப்பதுதான். மனித மூக்குக்கு அது தெரியாது. பூனைக்கு வீடு முழுக்க அதன் கையெழுத்து.

அந்த எழுத்தின் மேல், எங்கிருந்தோ வந்த ஒரு குட்டி, அம்மாப் பூனையின் வாசனையும் பார்க்கிங் எண்ணெய் வாசனையுமாக, ஒரே ராத்திரியில் ஓடி விளையாடினால்? மூத்ததுக்கு அது 'பாப்பா' இல்லை. வீட்டுக்குள் புகுந்த ஆள்.

முதல் ராத்திரி

குட்டியைத் தூக்குவதற்கு முன்பே ஒரு கேள்வி இருக்கிறது. அது நிஜமாகவே அனாதையா? பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இடம் மாறும். நடுவில் ஒன்று தனியாகக் கத்திக்கொண்டிருப்பதும் நடக்கும். குட்டி சுத்தமாக, வயிறு நிறைந்து, கதகதப்பாக இருந்தால் ஆபத்தில்லாத இடத்தில் விட்டுவிட்டு, சில மணி நேரம் தூரத்திலிருந்து பார்ப்பது நல்லது. நனைந்து, நடுங்கி, கண்ணில் பூளை கட்டிக் கிடந்தால் காத்திருக்கக் கூடாது.

மேலே கொண்டுவந்தால், நேராக ஒரு தனி அறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். ஹால் வழியாகக்கூட இறக்கி நடக்கவிடக் கூடாது. இரண்டாவது பெட்ரூம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அதிகம் பயன்படுத்தாத பாத்ரூம் போதும், ஈரமில்லாமல் துடைத்து, வாளியில் தண்ணீர் இல்லாமல் கவிழ்த்து வைத்துவிட்டு. ஒரு அட்டைப்பெட்டி, பழைய போர்வை, வெந்நீர் நிரப்பித் துண்டு சுற்றிய பாட்டில், ஒரு ஓரத்தில் ஆழமில்லாத ட்ரேயில் மணல். குட்டிக்கு இவ்வளவு போதும். பெரிய வீடு அதற்குப் பயமே தரும்.

பசும்பால் வேண்டாம். பாக்கெட் பாலைக் கிண்ணத்தில் ஊற்றி வைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். பல குட்டிகளுக்கு அது வயிற்றுப்போக்கைத் தரும். அரைக்கிலோ எடை உள்ள உயிருக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கே பெரிய ஆபத்து. நாலு வாரத்துக்கு உட்பட்ட குட்டி என்றால் பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடர் தேவை. பல் முளைத்த குட்டி என்றால், குட்டிகளுக்கான ஈர உணவைக் கொஞ்சம் வெந்நீரில் குழைத்துத் தரலாம். உடம்பு சுடுகிறது என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. பூனைக்கு அது விஷம். ஒரே மாத்திரை உயிரை எடுக்கலாம்.

சாத்திய கதவு எதற்கு?

இந்த இரண்டு வாரத்தின் முதல் காரணம் குணம் அல்ல, நோய்.

தெருக்குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய், நாய்களுக்கு வரும் பார்வோவின் நெருங்கிய உறவு. வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சட்டென்று சோர்வு. தடுப்பூசி போடாத குட்டிக்கு வந்தால் பிழைப்பது கஷ்டம். தொற்றிய பிறகு அறிகுறி தெரிய பல நாள் ஆகலாம். அதாவது, இன்று துள்ளி விளையாடும் குட்டி அடுத்த வாரம் படுத்துவிடலாம். இந்த வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில், தோதான இடத்தில் ஒரு வருஷம் வரைகூட உயிரோடு இருக்கும். குட்டியைத் தொட்ட கை, போட்டிருந்த சட்டை, அறைக்குள் போட்ட செருப்பு எல்லாம் அதைச் சுமந்துகொண்டு வெளியே வரும். அதனால் மூத்ததுக்கு முதலில் சாப்பாடு, பிறகு குட்டியின் அறை, வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல். குட்டிக்கென்று தனியாக ஒரு பழைய டி-ஷர்ட் வைத்துக்கொள்வதும் உதவும்.

'நம்ம பூனைதான் வெளிய போகாதே, அதுக்கு எதுக்கு ஊசி?' என்று பூஸ்டரை விட்டுவிட்ட வீடுகள்தான் இங்கே மாட்டிக்கொள்கின்றன. குட்டி வந்த வாரமே மூத்ததின் தடுப்பூசிக் கார்டை எடுத்துப் பார்ப்பது நல்லது.

குட்டிக்கு முதல் செக்கப்பை ஓரிரு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். சென்னையில் என்றால் தெருவுக்குத் தெரு பெட் கிளினிக் வந்துவிட்டது. 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இருக்கிறது. அங்கே கேட்க வேண்டியவை சில. குடற்புழு மருந்து, ஏனென்றால் தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் புழு வந்துவிடும். உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் குட்டியின் எடைக்கேற்ற மருந்து. (நாய்க்கு வாங்கி வைத்த மருந்தைக் கழுத்தில் விடவே கூடாது. அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை வரவழைக்கும்.) வட்டவட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையா என்ற சோதனை. இது மூத்த பூனைக்கு மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒட்டும்.

முக்கியமாக, ஃபெலைன் லுக்கீமியா, எஃப்.ஐ.வி. என்ற இரண்டு வைரஸ்களுக்கான ரத்தப் பரிசோதனை. முன்னது எச்சில் வழியாக, ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவதிலும் ஒன்றையொன்று நக்குவதிலும்கூடப் பரவும். பின்னது பெரும்பாலும் ஆழமான கடியில். புதிதாகத் தொற்றியிருந்தால் முதல் டெஸ்ட்டில் தெரியாமல் போகலாம் என்பதால், சில வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். எஃப்.ஐ.வி.யில் தலைகீழான குழப்பமும் உண்டு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருளால் குட்டிக்கு 'பாசிட்டிவ்' என்று காட்டி, ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது இல்லாமல் போகலாம். ஒரே ரிசல்ட்டைப் பார்த்து யாரும் முடிவெடுத்துவிட வேண்டாம்.

குட்டிக்கான முத்தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வார இடைவெளியில் நாலு மாத வயது வரை போகும். ரேபிஸ் ஊசி மூன்று மாதம் முடிந்த பிறகு. இதில் மனிதர்களும் சேர்த்தி. தெருவிலிருந்து எடுத்த குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ 'குட்டிதானே' என்று விட்டுவிடாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இந்தத் தடுப்பூசி இலவசம்.

அறையைச் சுத்தம் செய்வதிலும் ஒரு சிக்கல். வழக்கமாகத் தரை துடைக்கும் ஃபினைல் வகைகள் பூனைக்கு ஆகாது. நடந்த காலை நக்குவதன் வழியாக அது உடம்புக்குள் போகும். குட்டியின் அறைக்குத் தண்ணீர் கலந்த பிளீச் சரி, பூனையை வெளியே எடுத்துவிட்டு, பிறகு நன்றாகக் கழுவி, காயவிட்டு. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லிவைக்க வேண்டும். கதவைத் திறந்துபோட்டுவிடக் கூடாது என்பதையும் சேர்த்து.

வாசனை முதலில், முகம் பிறகு

நோய்க்காகச் சாத்திய கதவு, குணத்துக்கும் வேலை செய்கிறது. மூத்தது கதவடியில் மோப்பம் பிடிக்கும். உள்ளே ஏதோ இருக்கிறது என்று அதற்குத் தெரியும். சீறும், ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கமே வராது. பரவாயில்லை.

டாக்டர் குட்டிக்கு ஓகே சொன்ன பிறகு, வாசனை மாற்றும் வேலை தொடங்கும். துவைத்த ஒரு சாக்ஸைக் கையில் மாட்டிக் குட்டியின் கன்னத்தை மெதுவாகத் தடவி, அந்த சாக்ஸை மூத்ததின் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குச் சில அடி தள்ளிப் போட வேண்டும். மூத்ததின் கன்னம் தொட்ட துணி குட்டியின் பெட்டிக்கு. துணியை மூக்கருகே கொண்டுபோய் நீட்டக் கூடாது. அதுவாக வந்து முகரட்டும். முகர்ந்துவிட்டு வாயை அரைகுறையாகத் திறந்து, ஏதோ கெட்டுப்போனதைத் தின்றது போல முகத்தை வைத்துக்கொள்ளும். பார்க்கச் சிரிப்பு வரும். மேலண்ணத்தில் இருக்கும் தனி உறுப்புக்கு வாசனையை அனுப்பிப் படிக்கிறது என்று அர்த்தம். முதல் நாள் துணியைப் பார்த்துச் சீறினால், துணியை இன்னும் தள்ளி வைத்து, பிடித்த தீனியைப் பக்கத்தில் வைக்கலாம். துணியைத் தாண்டி அலட்சியமாக நடந்து போகும் நாள் வரும். அந்த அலட்சியத்துக்காகத்தான் காத்திருப்பு.

அதே சமயம் சாப்பாட்டையும் நகர்த்தலாம். மூடிய கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கிண்ணம். முதலில் ஆறேழு அடி தள்ளி. இரண்டும் நிம்மதியாகச் சாப்பிட்டால் மறுநாள் அரை அடி கிட்டே. அந்த வாசனை வரும்போதெல்லாம் நல்ல சாப்பாடும் வருகிறது என்ற கணக்கு மூத்ததின் தலையில் பதிய வேண்டும். அது சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கதவையே முறைத்தால் கிண்ணம் கிட்டே வந்துவிட்டது என்று பொருள். பின்னால் போக வேண்டியதுதான், வெட்கமில்லை.

பிறகு இட மாற்றம். மூத்தது பெட்ரூமில் மூடப்பட்டிருக்கும்போது, குட்டியை அரை மணி நேரம் ஹாலில் விடலாம். குட்டியின் அறையை மூத்தது போய்ச் சோதனை போடலாம். போலீஸ் ரெய்டு மாதிரி மூலைமூலையாகப் பார்க்கும். பார்க்கட்டும்.

இதற்கெல்லாம் எத்தனை நாள்? காலண்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. சில வீடுகளில் பத்து நாளில் முடிகிறது, சில வீடுகளில் இரண்டு மூன்று மாதம். 'வீக்எண்ட்ல லீவு, அதுக்குள்ள பழக்கிடலாம்' என்ற திட்டம் பெரும்பாலும் திங்கட்கிழமை காலையில் கட்டிலுக்கடியில் போய் முடியும். அவசரப்பட்டு முதல் சந்திப்பே சண்டையானால் அந்த நினைவை அழிப்பது, முதலிலிருந்து பழக்குவதைவிடக் கஷ்டம்.

கொசுவலைக் கதவு

வெளிநாட்டு யூடியூப் வீடியோக்களில் இந்தக் கட்டத்துக்கு 'பேபி கேட்' வாங்கச் சொல்வார்கள். நம் ஊர் பிளாட்களில் அதைவிட நல்ல சாமான் ஏற்கெனவே இருக்கிறது: கொசுவலைக் கதவு. கம்பி வலை என்றால் அருமை. நைலான் வலை நகத்துக்குத் தாங்காது. வலைக் கதவு இல்லாத அறை என்றால், குட்டியைக் கேரியரில் வைத்துத் தள்ளியிருந்து காட்டலாம். மூத்தது கேரியரைச் சுற்றிச் சுற்றி வந்து மிரட்டாத வரைக்கும்.

இரண்டு நிமிஷம் பார்த்தால் போதும். தீனி கொடுத்து, நல்லபடியாக இருக்கும்போதே கதவைச் சாத்திவிட வேண்டும். சீறலைக் கண்டு பயப்படத் தேவையில்லை. சீறுவது 'தள்ளி நில்' என்று வாயால் சொல்வது. சொல்லிப் பார்க்கும் பூனை, அடிப்பதைத் தவிர்க்கத்தான் பார்க்கிறது. அதற்காக மூத்ததை அதட்டினாலோ தண்ணீர் தெளித்தாலோ, குட்டி வந்தால் திட்டு விழுகிறது என்றுதான் அது கற்றுக்கொள்ளும். கவலைப்பட வேண்டியது சத்தமில்லாத பூனையைப் பார்த்து: உடம்பு விறைத்து, கண் இமைக்காமல், காது பக்கவாட்டில் மடங்கி, வால் நுனி மட்டும் துடிக்க, குட்டியை எலி பார்ப்பது போலப் பார்க்கிற பார்வை. அப்போது ஒரு அட்டையையோ தலையணையையோ நடுவில் நுழைத்துப் பார்வையை மறைக்கலாம். கையை நுழைக்கக் கூடாது. கொதித்துப் போயிருக்கும் பூனை கண்ணில் படும் கையைக் கடிக்கும், அது யார் கை என்று பார்க்காது.

வலைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து சாப்பிட்டு, முகம் கழுவிக்கொண்டு, ஒன்று படுத்தும்விட்டால், ஒரே அறையில் விடும் நாள் வந்துவிட்டது. அதற்கு முன் கயிறு பொம்மையை ஆட்டிக் குட்டியை நன்றாக ஓடவிட்டுக் களைப்பாக்கிவிட வேண்டும். இரண்டு மாதக் குட்டிக்கு மரியாதை தெரியாது. மூத்ததின் வாலைப் பார்த்தாலே பாயும்.

அப்போது நடப்பது விளையாட்டா, சண்டையா? வளர்ப்பவர்களைத் திணற வைக்கும் கேள்வி இது. 2023-ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, பூனை ஜோடிகளின் வீடியோக்களை எடுத்து இதைத்தான் அலசியது. கட்டிப்புரள்வது விளையாட்டின் பக்கம். கத்துவதும் துரத்துவதும் மோதலின் பக்கம். நடுவில் இரண்டுமாக இல்லாத ஒரு வகையும் இருக்கிறது என்றது. வீட்டில் பார்க்க எளிய அடையாளம், முறை மாறுகிறதா என்பது. ஒரு தரம் இது மேலே, ஒரு தரம் அது மேலே, நடுநடுவே நின்று மூச்சு வாங்கினால் விளையாட்டு. எப்போதும் ஒன்றே துரத்தி, இன்னொன்றே ஓடி ஒளிந்தால் விளையாட்டு இல்லை. மூத்தது குட்டியின் தலையில் நகம் நீட்டாமல் இரண்டு தட்டுத் தட்டினால் தலையிட வேண்டாம், வீட்டுச் சட்டம் சொல்லிக்கொடுக்கிறது. கேட்பார் இல்லாத முதல் சில வாரங்களில், ஆபீஸ் போகும் நேரத்துக்கு மட்டும் இரண்டும் தனித்தனி அறையில்.

ஓசையில்லாத சண்டை

அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கம் பூனைகளுக்கு இடையிலான பதற்றம் பற்றியே 2024-ல் தனியாக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அது அழுத்திச் சொல்லும் ஒரு விஷயம், பல வீடுகளில் பதற்றம் சத்தமே இல்லாமல் நடக்கிறது, மனிதர்கள் அதைக் கவனிப்பதில்லை என்பது. குட்டி வளர்ந்து, ஹால் வாசலில் நடுநாயகமாகப் படுத்திருக்கும். மூத்தது மணல் ட்ரேக்குப் போக அந்த வழிதான். போகாமல் திரும்பிவிடும். பார்ப்பவர்களுக்கு இரண்டும் சமர்த்து. நாலாம் நாள் கட்டில் மெத்தையில் சிறுநீர். 'பொறாமையில் பண்ணுது, பழி வாங்குது' என்பார்கள். அதற்குப் பழி எதுவும் தெரியாது, வழி இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே சாமான்களை ஒரே மூலையில் குவிக்கக் கூடாது. பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்பது மணல் ட்ரே கணக்கு. இரண்டு பூனைக்கு மூன்று. மூன்றையும் பால்கனியில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே ட்ரேதான். வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக் கிண்ணம், தண்ணீர், படுக்கை, பிறாண்டும் கட்டை எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. சின்ன வீட்டில் தரை போதாது என்றால் உயரம் இருக்கிறது. பீரோ மேல் ஒரு மெத்தை, ஜன்னலோரம் ஒரு பலகை, பழைய லாஃப்டுக்கு ஏற ஒரு ஸ்டூல். குட்டி ஏற முடியாத ஓரிடமாவது மூத்ததுக்கு இருக்க வேண்டும். பால்கனி வலையை மறுபடி பார்த்துக்கொள்வதும் அவசியம். பெரிய பூனை நுழையாத இடைவெளியில் குட்டி நுழைந்துவிடும்.

இந்தப் பதற்றம் வெறும் மனக்கஷ்டத்தோடு நிற்பதில்லை. மன அழுத்தம் பூனையின் சிறுநீர்ப்பையில் அழற்சியைக் கிளப்பிவிடும். ஆண் பூனைக்கு அதோடு சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. ட்ரேயில் அடிக்கடி போய் உட்கார்ந்து, முக்கி, ஒன்றும் வராமல் கத்தினால் 'மலச்சிக்கல் போல' என்று காலைவரை காத்திருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் டாக்டரிடம் போக வேண்டும். சாப்பாடும் அப்படித்தான். கோபத்தில் ஒரு வேளை விட்டால் பரவாயில்லை. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் டாக்டருக்கு போன் போட வேண்டும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதுவும் குண்டுப் பூனை என்றால், ஈரலில் கொழுப்பு சேர்ந்து அது தனி நோயாகிவிடும். பீரோ மேலிருந்து இறங்காத பூனைக்குச் சாப்பாடும் தண்ணீரும் பீரோ மேலேயே போகட்டும். செல்லம் கொடுத்துக் கெடுப்பதாக ஆகாது.

கருத்தடையையும் தள்ளிப்போட வேண்டாம். பெண் குட்டி நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். ஐந்து மாதத்துக்குள் ஆபரேஷன் முடித்துவிடுவது நல்லது என்பதே இப்போது பல மருத்துவர்கள் சொல்வது. ஆண் குட்டி வளர்ந்து வீடெங்கும் சிறுநீர் தெளிக்க ஆரம்பித்தால், பட்ட பாடெல்லாம் முதலிலிருந்து.

யாருக்குத் துணை?

'நாங்க ஆபீஸ் போயிடறோம், பாவம் தனியா இருக்கு, ஒரு துணை வேணும்ல' என்று வேண்டுமென்றே இரண்டாவது பூனையைக் கொண்டுவருபவர்களும் உண்டு. நல்ல மனசுதான். ஆனால் துணை வேண்டும் என்று மூத்த பூனை கேட்டதா என்பதைக் கொஞ்சம் யோசிக்கலாம். மூன்று வயது, ஓடியாடும், குட்டியாக இருந்தபோது மற்ற பூனைகளோடு வளர்ந்த பூனை என்றால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. பன்னிரண்டு வயது, மூட்டுவலி, கிட்னிக்கு மருந்து, நாளில் முக்கால்வாசி தூக்கம் என்றால், அதன் தலைமேல் எந்நேரமும் பாயும் ஒரு குட்டியை இறக்குவது அதற்கு நல்லதில்லை. அந்த வீட்டில் அப்படியும் குட்டி வந்துவிட்டால், கூடப் பிறந்த இன்னொரு குட்டியையும் சேர்த்து எடுப்பது சில நேரம் உதவும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பாய்ந்து தீர்த்துக்கொள்ளும், கிழவியை விட்டுவிடும். செலவு கூடும் என்பதும் உண்மை.

எல்லாம் செய்தும் ஒத்துவராத ஜோடிகள் உண்டு. மாதங்கள் போன பிறகும் ரத்தம் வருகிற சண்டை, சாப்பிடாத பூனை, அறையைவிட்டு வெளியே வராத பூனை என்றால், குட்டிக்கு வேறு நல்ல வீடு பார்ப்பது தோல்வி இல்லை. நாலு மாதக் குட்டிக்கு வீடு கிடைக்கும். எட்டு வயதுப் பூனைக்குக் கிடைப்பது அபூர்வம். குட்டியைத் திரும்பப் பார்க்கிங்கில் விடுவது மட்டும் வேறு நல்ல வீட்டில் சேராது.

நிறைய வீடுகளில் கடைசியில் கிடைப்பது, இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் வருவதுபோல ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு தூங்கும் காட்சி அல்ல. ஒரு பூனை கட்டிலின் தலைமாட்டில், இன்னொன்று கால்மாட்டில். நடுவில் மனிதர்கள் காலை மடக்கிக்கொண்டு. குட்டி எழுந்து சோம்பல் முறித்துக் கொஞ்சம் கிட்டே போகும். மூத்தது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். பிறகு மூடிக்கொள்ளும்.